தண்ணி நிலவரம் சொன்ன பரமலிங்கம் அண்ணை

செப்டம்பர் பிறந்துவிட்டால் ஒவ்வொரு வெள்ளிக்கிழமை மாலையும் எங்கள் வாட்ஸ்அப் குழுவுக்கு ஒரு குரல் செய்தி வரும். ஜெர்மனியின் ஆஹெனிலிருந்தும் கொலோனிலிருந்தும் ஐஃபல் மலையிலுள்ள நீர்த்தேக்கத்துக்குத் தூண்டிலோடு போகும் பத்துப் பதினைந்து தமிழர்களின் குழு அது. செய்தி சொல்பவர் பரமலிங்கம் அண்ணை. தண்ணீர் எத்தனை பாகை, மட்டம் எவ்வளவு இறங்கியிருக்கிறது, மீன் எந்தக் கரையில் நிற்கிறது என்று இரண்டு நிமிடத்தில் சொல்லி முடித்துவிடுவார். அதைக் கேட்ட பிறகுதான் சனிக்கிழமை போவதா, வீட்டில் மனைவிக்கு வெங்காயம் உரித்துக் கொடுப்பதா என்று நாங்கள் முடிவெடுப்போம்.

மூன்று வாரங்களுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை அந்தச் செய்தி வரவில்லை. "அண்ணை, தண்ணி எப்பிடி?" என்று ஒருவர் எழுதினார். "அண்ணையை மீன் இழுத்துக்கொண்டு போட்டுதோ தெரியேல்லை" என்று நான் எழுதினேன். அடுத்த நாள் காலை, தூண்டில் பெட்டியைக் காரில் ஏற்றிக்கொண்டிருந்தபோது அவருடைய மகள் பதில் போட்டிருந்தார்: "அப்பா நேற்று மத்தியானம் மாரடைப்பில காலமாகிட்டார்." அதற்கு நேர் மேலே என் பகிடி நிற்கிறது. அழித்துவிடலாம் என்று என் மச்சான் சொன்னான். நான் அழிக்கவில்லை. செய்ததைச் செய்யவில்லை என்று காட்டுவது அண்ணைக்குப் பிடிக்காத காரியம். அதை நான் எப்படித் தெரிந்துகொண்டேன் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் மன்னார், பேசாலை. எங்கள் வீட்டில் நடக்கப் பழகுமுன் வள்ளத்தில் உட்காரப் பழகிவிடுவோம். ஆஹெனில் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் வேலை கிடைத்து, வீடு எடுத்து, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு எனக்குத் தண்ணீர் ஆசை பிடித்தது. ஜெர்மனியில் மீன் பிடிக்கச் சோதனை எழுதி உரிமம் எடுக்க வேண்டும் என்று கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. கடற்கரையில் பிறந்தவனுக்குப் பரீட்சையா? என் மனைவியின் தம்பி, அதாவது மச்சான், எப்படியோ அந்த உரிமத்தை எடுத்து வைத்திருந்தான். "என்ர அட்டையைக் கொண்டு போங்கோ அத்தான். அண்டைக்குப் பிடிக்கிற சீட்டும் என்ர பேரில எடுத்துத் தாறன். இவங்களுக்கு எங்கட முகமெல்லாம் ஒண்டுதான்," என்றான். அது நல்ல யோசனையாக எனக்குப் பட்டது. அந்தளவுக்குத்தான் அன்றைக்கு என் புத்தி.

அக்டோபர் மாதத்து ஒரு காலை. நீர்த்தேக்கத்தில் தண்ணீர் நன்றாக இறங்கி, கரைச் சேறும் பழைய மரக்குற்றிகளும் வெளியே தெரிந்தன. காற்று உரமாக அடித்தது. வாடைக் காற்று அடித்தால் தீவின் மற்றப் பக்கத்துக் கடலுக்குப் போகிற ஊர்க்காரன் நான். காற்றுப் படாத கரையாகப் பார்த்து உட்கார்ந்தேன். மூன்று மணித்தியாலம் தூண்டில் அசையவில்லை. அப்போது முழங்கால்வரை சப்பாத்துப் போட்ட ஒருவர் கரையோரமாக நடந்து வந்தார். மார்பில் மீன்பிடிக் கண்காணிப்பாளரின் அடையாள வில்லை. முகத்தைப் பார்த்தால் எங்கள் முகம்.

"தமிழோ?" என்றார்.

"ஓம் அண்ணை!" எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. நம்மாள் வந்துவிட்டார், இனி என்ன கவலை என்று நினைத்தேன்.

"நான் பரமலிங்கம். சண்டிலிப்பாய். உரிமம் வைச்சிருக்கிறியளோ?"

"இருக்கு," என்று சொல்லி ஜாக்கெட் பைக்குள் கையை விட்டேன்.

"பொறுங்கோ," என்றார். குரல் உயரவில்லை. "கையை எடுக்காதேங்கோ. ஒருக்கா யோசியுங்கோ. உங்கட பேரில உரிமம் இல்லையெண்டால் இல்லையெண்டு சொல்லுங்கோ. அது ஒரு பிழை. வேற ஆரின்ரையோ அட்டையை உங்கட எண்டு நீட்டினால் அது வேற பிழை. அது பெரிசு. அட்டை வெளியில வந்தாப் பிறகு என்னால ஒண்டும் செய்ய ஏலாது."

அந்த நேரம் ஜெர்மன் குடியுரிமைக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தேன். அகதிக்கான பயணப் பத்திரத்தில் இலங்கைக்குப் போக முடியாது. பேசாலையில் அம்மா படுத்த படுக்கை. நான் அவரைக் கண்டு பதினெட்டு வருடம். கடவுச்சீட்டு வந்தால்தான் அம்மாவின் முகம். குற்றம் ஒன்று பெயரில் ஏறினால் எல்லாம் போச்சு.

பையிலிருந்து வெறுங்கையை எடுத்தேன். "இல்லை அண்ணை. என்னட்டை உரிமம் இல்லை," என்றேன். பிறகு கெஞ்சினேன். குடியுரிமைக்கு அன்ட்ராக், அதாவது விண்ணப்பம், போட்டிருப்பதைச் சொன்னேன், அம்மாவைச் சொன்னேன், வெட்கத்தை விட்டு அழுதேன். அவர் முழுவதையும் நின்று கேட்டார்.

"விளங்குது தம்பி. ஆனா நான் எழுதத்தான் வேணும். தமிழன் எண்டு உங்களை இண்டைக்கு விட்டால், நாளைக்கு நான் இந்த வில்லையைக் கழட்டி வைக்க வேணும்."

தூண்டிலைச் சுருட்டச் சொன்னார். எழுதியதை எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டினார். உரிமம் இல்லாமல் மீன் பிடித்தார் என்று ஒரு வரி. கேட்டபோது தானாகவே உண்மையைச் சொன்னார் என்று அடுத்த வரி. நான் அந்த முதல் வரியை மட்டும் காவிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். தமிழனைத் தமிழனே காட்டிக் கொடுத்துவிட்டான் என்று பல வாரம் அவரைத் திட்டித் தீர்த்தேன். மச்சான் எனக்கு ஒத்து ஊதினான். அட்டை அவனுடையது என்பதை இரண்டு பேரும் வசதியாக மறந்துவிட்டோம்.

விசாரணை நடந்த காலம் முழுக்கக் குடியுரிமைக் கோப்பு அசையாமல் கிடந்தது. ஒவ்வொரு முறை ஊரிலிருந்து தொலைபேசி வரும்போதும் அம்மா போய்விட்டாரோ என்றுதான் எடுப்பேன். கடைசியில் ஒரு கடிதம் வந்தது. சிறிய விடயம், முதல் தடவை, தானே ஒப்புக்கொண்டார் என்பதால் வழக்கை முடித்துவிட்டதாக எழுதியிருந்தது. கோப்பு மறுபடி நகர்ந்தது. வேறொருவரின் அடையாளத்தைக் காட்டியிருந்தால் கதை இப்படி முடிந்திராது என்று என் வழக்கறிஞர் சொன்னார். அன்றைக்குத்தான் அந்த இரண்டாவது வரியின் பெறுமதி எனக்கு விளங்கியது. அதைவிட, "பொறுங்கோ" என்ற அந்த ஒரு சொல்லின் பெறுமதி.

கடவுச்சீட்டு வந்தது. நான் பேசாலைக்குப் போனேன். அம்மாவோடு மூன்று கிழமை இருந்தேன். அடுத்த வருடம் அம்மா போய்விட்டார்.

நான் ஊரிலிருந்து திரும்பி ஒரு மாதத்தில் அண்ணை எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். கையில் மீன்பிடிச் சோதனைப் புத்தகம். விலாசத்தை நாங்கள் போகும் தேவாலயத்தில் விசாரித்து எடுத்திருக்கிறார். என் மனைவி தேத்தண்ணி கொடுத்தார். "உங்களுக்குக் கடல் தெரியும். எனக்குத் தெரியாது. ஆனா இது கடல் இல்லை, வேற சாமான்," என்றார் அண்ணை. அந்தச் சொல்லின் பெறுமதி விளங்கியிருந்தும் எனக்குக் கோபம் முழுதாகப் போகவில்லை, ரோசமும் வந்தது. முதல் தடவை சோதனையில் தவறினேன். இரண்டாவது தடவை சித்தியடைந்ததும் அவருக்குத்தான் முதலில் அழைத்தேன். "ஆ, இனி என்னைக் கண்டா ஓடத் தேவையில்லை," என்று சிரித்தார்.

சண்டிலிப்பாயில் கடலும் இல்லை, ஏரியும் இல்லை. அந்த மனுசன் எப்படி இதில் விழுந்தார் என்று ஒருநாள் கேட்டேன். அகதி விடுதியில் இருந்த காலத்தில் வேலை செய்ய அனுமதி இல்லை. மாவட்ட எல்லையைத் தாண்டவும் அனுமதி இல்லை. "எல்லைக்குள்ள இந்தத் தண்ணி இருந்தது. பார்க்க அனுமதி தேவையில்லை. மூண்டு வருசம் பார்த்தன்," என்றார். பிறகு பேருந்து பராமரிக்கும் இடத்தில் வேலை கிடைத்தது, உரிமம் எடுத்தார், கண்காணிப்பாளராகத் தொண்டு செய்ய முன்வந்தார். ஆனால் பார்க்கும் பழக்கம் போகவில்லை. நீண்ட கயிற்றில் வெப்பமானியைக் கட்டி, மேலே ஒரு தரம், எட்டு மீட்டர் ஆழத்தில் ஒரு தரம் இறக்கிப் பார்ப்பார். அதுதான் அவருடைய வெள்ளிக்கிழமைச் செய்திக்கு அடிப்படை.

"மேல் தண்ணி பன்னிரண்டு பாகை, அடித் தண்ணியும் பன்னிரண்டு. ஏரி பிரண்டிட்டுது. மேல கிடந்தது கீழ, கீழ கிடந்தது மேல. ரெண்டு மூண்டு நாளைக்கு ஒருத்தரும் பெற்றோலைச் செலவழிக்காதேங்கோ. தான் எங்க நிக்குதெண்டு மீனுக்கே தெரியாது." இது ஒரு வருடத்துச் செய்தி. இன்னொன்று: "குளிர் வந்ததால ஃபொரெல் மேல வந்திட்டுது. ஓடை வந்து விழுகிற மூலையில நிக்குது. பார்ஷ் சின்ன மீனைத் துரத்திக்கொண்டு திரியுது. முக்குளிப்பான் குருவி எங்க மூழ்குதோ அங்க எறியுங்கோ." ஃபொரெல் என்பது புள்ளி போட்ட குளிர்த்தண்ணீர் மீன். பார்ஷ் என்பது முதுகில் முள்ளும் உடம்பில் வரியும் உள்ளது. பொரித்தால் எங்கள் நாக்குக்கு ஒத்துவரும்.

காற்று விடயத்தில் நாங்கள் வருடக்கணக்காகச் சண்டை பிடித்தோம். காற்று முகத்தில் அடிக்கிற கரைக்குப் போ என்பார். பைத்தியக்காரத்தனம் என்பேன். "மன்னாரார், இஞ்ச வள்ளம் கவிழுற பயம் உங்களுக்கில்லை. நீங்கள் கரையில நிக்கிறியள். காத்து சின்ன மீனின்ர தீனியை அந்தக் கரைக்குத் தள்ளும், சின்ன மீன் பின்னால போகும், பெரிசு அதுக்குப் பின்னால போகும். நீங்களும் போங்கோ," என்பார். கடைசியில் ஒருநாள் போனேன். ஒரு மணித்தியாலத்தில் ஐந்து பார்ஷ். அவர் என் பக்கம் திரும்பாமல் தன் தூண்டிலில் இரை கோத்தார். அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது.

ஃபொரெலுக்கு அக்டோபர் பிற்பகுதியில் தடைக்காலம் தொடங்கும். அது தொடங்கிய முதல் நாள் பார்ஷுக்கு எறிந்த அண்ணையின் தூண்டிலில், அவர் வாழ்நாளில் கண்டிராத பெரிய ஃபொரெல் ஒன்று மாட்டியது. கரையில் நானும் அவரும் மட்டும்தான். வலையிலே தண்ணீருக்குள் வைத்தபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "நேற்று வந்திருந்தா நீ என்ர வீட்டு விருந்தாளி," என்று மீனிடம் சொல்லிவிட்டுக் கையை ஈரமாக்கி முள்ளைக் கழற்றி அதை நீந்த விட்டார். படம்கூட எடுக்க விடவில்லை. "அது மூச்சு விடட்டும்," என்றார். வீடு வந்து சேரும்வரை அவர் முகம் செத்துப்போய் இருந்தது. நான் அவரை நக்கலடித்துக்கொண்டே வந்தேன். உள்ளுக்குள் எனக்குக் கர்வமாக இருந்தது, இவர் என் சிநேகிதர் என்று.

இத்தனை வருடத்தில் அவருக்கு நான் நன்றி சொல்லவில்லை. சொல்ல வாயெடுத்தால் பேச்சை மாற்றிவிடுவார். நானும் அடுத்த முறை சொல்லலாம் என்று விட்டுவிட்டேன்.

தகனம் முடிந்த அன்று அவருடைய மனைவி, நாங்கள் அக்கா என்று அழைப்பவர், என்னைக் கூப்பிட்டார். "அவருக்கு அந்தத் தண்ணிதானே உசிர். அங்க கரைக்க ஏலாதோ தம்பி?" என்றார். இங்கே அஸ்தியை நினைத்த தண்ணீரில் கரைக்கச் சட்டம் விடாது. எல்லை தாண்டி ஒல்லாந்துக்கு, அதாவது நெதர்லாந்துக்கு, கொண்டு போய்க் கடலில் கரைக்கலாம்; அதற்குக் கடதாசிகள் உண்டு. மச்சான் உடனே வழி சொன்னான். "ஒல்லாந்துக்கெண்டு சொல்லி அஸ்தியை எடுப்பம். விடியக் காத்தால அத்தான்ர படகில ஏரிக்குக் கொண்டு போவம். ஆர் பாக்கப் போறாங்கள்?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். படகு என்னுடையது. அக்காவின் கண்ணைப் பார்த்தால் இல்லை என்று சொல்ல மனம் வராது. சொன்னேன்.

"ஏலாது அக்கா. அண்டைக்கு அண்ணை என்னை விடேல்லை. இண்டைக்கு நான் அவரை விட ஏலாது."

அக்கா அழுதுகொண்டே சிரித்துவிட்டார். "ஓம், ஓம். அந்த மனுசன் எழும்பி வந்து எங்கள் எல்லாரையும் எழுதும்," என்றார்.

நேற்று ஒல்லாந்துக்குப் போனோம். கடதாசிகள் எல்லாம் முறைப்படி இருந்தன. சிறிய படகு, சாம்பல் நிறக் கடல். அண்ணை கடலில் போனதே கிடையாதாம். மகள் அப்போதுதான் சொன்னார். மகளும் அக்காவும் கரைத்தார்கள். கடைசிக் கையளவை மகள் என்னிடம் தந்து, "மாமா, நீங்கள் கடல் ஆள்தானே," என்றார்.

நான் குனிந்து தண்ணீருக்குள் கையை வைத்தேன். குளிர் எலும்புவரை ஏறியது. இத்தனை வருடம் சொல்லாததைச் சொன்னேன்.

"அண்ணை, அம்மா தன்ர கையால எனக்கு மூண்டு கிழமை சோறு தந்தவ. அது நீங்கள் தந்தது. நன்றி அண்ணை. போயிட்டு வாங்கோ."

இந்த முறை அவரால் பேச்சை மாற்ற முடியவில்லை. விரல்களை விரித்தேன்.