வெங்காயம் வதக்கிய பந்தயம்

சூப் பாத்திரத்தின் மூடியைக் கயிறு போட்டுக் கட்டி, அதன் வயிற்றில் செல்லமாக ஒரு தட்டுத் தட்டி, "எங்கயும் போயிடாத" என்கிறார் சமையல்கார அக்கா. கப்பல் துறையை விட்டுக் கிளம்பும்போதெல்லாம் இப்படித்தான். கரண்டிகளோடும் பேசுவார். கேப்டனோடுதான் பேச்சு குறைவு.

மூன்று பாய்மரம் வைத்த அந்தக் கப்பல் பயணிகளைக் காலையில் ஏற்றிப்போய் மாலையில் கொண்டுவந்து விடும். அதே துறையில் அதே மாதிரி இன்னொரு கப்பலும் உண்டு. கலங்கரை விளக்கைச் சுற்றி முதலில் திரும்புவது யார் என்று இரண்டுக்கும் சிநேகிதமாக ஒரு பந்தயம். அந்த இன்னொரு கப்பலில் சுக்கான் பிடிப்பவர் அக்காவின் வீட்டுக்காரர். இந்தப் பருவம் முழுக்க ஜெயித்துக்கொண்டிருப்பவரும் அவரே.

வீட்டில் பந்தயப் பேச்சை எடுப்பதில்லை என்று இருவருக்கும் ஒப்பந்தம். "பேச மாட்டாரு சார். ஆனா ஜெயிச்ச அன்னைக்கு விசிலடிச்சுக்கிட்டே குளிப்பாரு பாருங்க, அதுக்கு நாலு வார்த்தை பேசியே தொலைக்கலாம்" என்றார் அக்கா என்னிடம்.

நான் பயணியாகப் போன அன்றும் வீட்டுக்காரரின் கப்பலே முன்னால். இன்றும் தோற்றால் கோழி வளர்க்கப் போய்விடுவேன் என்று எங்கள் கேப்டன் மீசையை மென்றுகொண்டிருந்தார். அக்கா மேல்தளத்துக்கு வந்தார். விரலை எச்சில் தொட்டுத் தூக்கிப் பார்த்தார். காற்று எங்கள் பக்கமிருந்து அந்தக் கப்பலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

"பந்தயம்னா அவருக்குக் காலையில எதுவும் தொண்டையில இறங்காது. இப்ப வயிறு காயும். கொஞ்சம் பக்கத்துல விடுங்க" என்று கேப்டனிடம் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

சமையலறையின் கூரைச் சன்னல் திறந்தது. வெண்ணெயில் வெங்காயம் வதங்கும் வாசனை எழுந்து, முதலில் எங்கள் மூக்குகளைத் தூக்கவைத்து, அப்புறம் தண்ணீரைத் தாண்டிப் போனது. சுக்கானில் நின்ற மனிதர் கொஞ்ச நேரம் கல்லாக நின்றார். பிறகு தலை மெல்லத் திரும்பியது. தலை போன பக்கம் சுக்கான் பிடித்த கையும் போயிற்று. அவர் கப்பலின் பாய்கள் காற்றை விட்டுவிட்டுப் படபடத்தன. அவர் சுதாரிப்பதற்குள் நாங்கள் விளக்கைச் சுற்றிவிட்டோம்.

கேப்டன் கண்ணில் பட்டவர்களையெல்லாம் கட்டிப்பிடித்தார். அக்கா அடுப்பை அணைத்துவிட்டு, வதக்கியதை எனக்கு ஒரு தட்டில் போட்டுக் கொடுத்தார்.

"பொண்டாட்டிக்குத் தெரிஞ்ச விஷயத்தைச் சமையல்காரி எடுத்துக்கிட்டது தப்போ?" என்றார்.

என் வாய் நிறைய வெங்காயம். இன்னும் கொஞ்சம் போடச் சொல்லித் தட்டை நீட்டினேன்.

கரைக்கு வந்ததும் வீட்டுக்காரர் பக்கத்துக் கப்பலிலிருந்து இறங்கி வந்தார். இருவரும் சேர்ந்தே துறையின் வாசலை நோக்கி நடந்தார்கள். அவர் கால்கள் சோர்ந்திருந்தன. அக்காவோ நடையில் புயல். வாசல் நெருங்கியதும் அக்கா செருப்பு வாரைச் சரிசெய்பவர்போலக் குனிந்தார். வார் சரியாகத்தான் இருந்தது. வீட்டுக்காரர் முதலில் வாசலைத் தாண்டும்வரை அக்கா நிமிரவில்லை.