வீட்டுக்கு அடியில் கொட்டிய மண்

எங்கள் வீட்டுச் சுவரின் அடிப்பகுதியில் மட்டும் பெயிண்ட் நிற்காது. எத்தனை முறை அடித்தாலும் மஞ்சளாக உப்புப் பூத்து உரிந்துவிடும். புதுக்கோட்டைத் தண்ணீர் அப்படி என்று என் வீட்டுக்காரர் சொல்லுவார். நானும் சரியென்று கூட்டி, கையாலேயே அள்ளிக் குப்பையில் போட்டுவிடுவேன்.

தெருக்கோடியில் இருந்த கெமிக்கல் கம்பெனியை மூடி வெகுகாலமாகிவிட்டது. காம்பவுண்டுக்குள் நீல டிரம்கள் அப்படியே கிடந்தன. இந்த வருடம்தான் அந்த இடத்தைச் சோதித்துச் சுத்தம் செய்ய ஆட்கள் வந்தார்கள். தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பு, முகத்தில் பெரிய மாஸ்க். மொட்டைமாடியில் துணி காயப்போட்டபடி பார்த்த எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. நாங்கள் செருப்பில்லாமல் நடந்த இடத்துக்கு இவர்களுக்கு இத்தனை ஜோடனையா என்று நினைத்தேன்.

சிரிப்பு சீக்கிரமே அடங்கியது. கம்பெனியின் கழிவில் பாதிக்குமேல் உள்ளே இல்லையாம், வெளியே எங்கோ போயிருக்கிறதாம். சோதனைக்கு வந்த பெண் அதிகாரி வீடு வீடாக ஏறி இறங்கினார்.

"கம்பெனியிலேருந்து யாராச்சும் மண்ணு வாங்கிக் கொட்டுனீங்களாம்மா? மறைக்காமச் சொல்லுங்க."

தெருவே வாயை மூடிக்கொண்டது. சொன்னால் வீட்டை இடித்துவிடுவார்கள் என்று எல்லோருக்கும் பயம். எங்கள் தெரு பள்ளமான இடம். வீடு கட்டிய காலத்தில் பேஸ்மட்டத்தை நிரப்ப மண் கிடைக்காமல் அலைந்தபோது, கம்பெனி டிப்பர் ஓசியிலேயே கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போனது. ஓசியில் கிடைத்தால் ஃபினாயிலையும் குடிக்கிற ஆள் என் வீட்டுக்காரர். டிரைவருக்கு டீ வேறு வாங்கிக் கொடுத்தார். மேலே கொஞ்சம் செம்மண் பரப்பித் தளம் போட்டுவிட்டோம்.

அந்த வெள்ளிக்கிழமை மகளுக்கு வளைகாப்பு, விராலிமலையில் அவள் மாமியார் வீட்டில். முடிந்த கையோடு தலைப்பிரசவத்துக்கு அவளை எங்கள் வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். பின்பக்க அறையைக் கழுவிக் கட்டில் போட்டு, தொட்டிலுக்குக் கொக்கிகூட மாட்டியாயிற்று. எனக்குச் சோறு இறங்கவில்லை.

"என்னங்க, சொல்லிருவமா?" என்றேன்.

"ஒனக்கென்ன கிறுக்கா? வீட்ட இடிச்சுட்டா ஒம் மக நடுத்தெருவுலயா பிள்ள பெறுவா?" என்று எரிந்து விழுந்தார்.

அவருக்கும் பயம்தான். பயம் வந்தால் அவருக்கு வாய் நீளும், எனக்குக் கால் நிற்காது. நேரே கம்பெனி வாசலுக்குப் போய் அந்த அதிகாரியிடம் சொல்லிவிட்டேன்.

மறுநாள் பின்பக்க அறையில் டைல்ஸைப் பெயர்த்து மெஷினால் துளை போட்டார்கள். முதலில் செம்மண் வந்தது. அதற்குக் கீழே பச்சையும் மஞ்சளுமாகச் சேறு வந்தது, மூக்கில் ஏறுகிற நெடியோடு. கழுத்தில் தொங்கிய மாஸ்க்கை அதிகாரி அவசரமாக மாட்டிக்கொண்டு ஓர் அடி பின்னால் போனார். விவரம் தெரிந்தவர் விலகிப் போகிறார், நான் வெறுங்காலோடு அங்கேயே நிற்கிறேன்.

"இந்த ரூம்ல யாரும்மா இருக்காங்க?"

"மகளக் கூட்டியாரப் போறோம்மா. மாசமா இருக்கா."

அவர் தொட்டில் கொக்கியை அண்ணாந்து பார்த்தார். "ரிசல்ட் வர்ற வரைக்கும் கூட்டியாராதீங்கம்மா. முடிஞ்சா நீங்களும் வேற எடம் பாருங்க" என்றார்.

வளைகாப்புக்குப் போனோம். கை நிறையக் கண்ணாடி வளையலும் கன்னத்தில் சந்தனமுமாக மகள் உட்கார்ந்திருந்தாள். கிளம்புகிற நேரத்தில் அவள் மாமியார் பெட்டியை எடுத்துவந்து என் முன்னால் வைத்தார். பெற்றவள் தலைப்பிரசவத்துக்கு அழைக்காமல் போனால் ஊர் என்ன பேசும் என்று எனக்குத் தெரியும். வீட்டுக்காரர் தலையைத் தூக்கவே இல்லை. நான்தான் சொன்னேன்.

"மதினி, அவ இங்கேயே இருக்கட்டும். எங்க வீட்டுக்கு அடியில கம்பெனி வெசம் கெடக்கு. கொட்டுனது நாங்கதான்."

மாமியார் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் உள்ளே வைத்துவிட்டு வந்தார்.

"அதுக்கென்ன மதினி, இதுவும் அவ வீடுதானே. நீங்க ரெண்டு பேரும் இங்கிட்டு வந்துருங்க" என்றார்.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. காப்பாற்றிவிட்டேன் என்றே நினைத்தேன். அழுகைகூட வந்தது.

எல்லோரும் சாப்பிடப் போன பிறகு மகள் என் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

"அம்மா, அந்தத் தரையிலதானே நான் தவழ்ந்தேன்?"

பிறக்கப் போகிற பிள்ளையை நினைத்து அத்தனை நாளும் நடுங்கியவள், நான் பெற்ற பிள்ளையை நினைக்கவே இல்லை.