விடியலின் சிறகுகள் என்கிற ஒழுகல்

செம்பூரில் எங்கள் படுக்கையறை சீலிங் நான்கு மழைக்காலமாக ஒழுகியது. மேல்வீட்டுக் குளியலறையின் உபயம். சொட்டு நேராக என் நெற்றியில் விழும். நோயில் கை, கால், நாக்கு எல்லாம் ஓய்ந்துவிட்டதால் என்னால் விலக முடியாது. அந்தச் சின்ன அறையில் கட்டிலை நகர்த்தவும் இடமில்லை. கணவர் ஹவுசிங் சொசைட்டி செக்ரட்டரிக்கு மனு மேல் மனு கொடுத்தார். "மழை முடியட்டும் சார், பாத்துக்கலாம்" என்பதுதான் வருடாவருடம் பதில்.

புதன்கிழமைகளில் ஒரு கல்லூரிக் குழு மின்முனைகள் பதித்த தொப்பியோடு வரும். அதை மாட்டிக்கொண்டு, திரையில் மினுங்கும் எழுத்திலோ நிறத்திலோ மனத்தை நிறுத்தினால், மூளையின் மின்னலைகளைப் படித்துக் கணினி அதைத் தேர்ந்தெடுக்கும். முதல் புதன் வீண். விருந்தாளிகள் வருகிறார்களே என்று கணவர் என் தலையில் தேங்காய் எண்ணெயை வழிய வழியத் தடவி வாரியிருந்தார். தொப்பிக்கு என் மூளை எட்டவே இல்லை.

ஷாம்பூ போட்ட பிறகு ஓவியம் வரைந்தேன். வேறென்ன, தினமும் பார்க்கிற சீலிங் கறைதான். பழுப்பு வளையங்கள், ஓரத்தில் பச்சைப் பூஞ்சை. குழு அதற்கு 'விடியலின் சிறகுகள்' என்று பெயர் வைத்தது. என்னைக் கேட்கவில்லை.

மாட்டுங்காவில் கண்காட்சி. என்னையும் தொப்பியோடு சக்கர நாற்காலியில் அழைத்துப் போனார்கள். எந்த மேடையையும் விடாத எங்கள் செக்ரட்டரிதான் சிறப்பு விருந்தினர். படத்தின் முன் நின்று, "கண்ணுல ஜலம் வந்துடுத்து" என்றார்.

"மாமி, இந்தச் சிறகு எங்கே பறக்கறது? ரெண்டு வார்த்தை சொல்லுங்கோ" என்றாள் தொகுப்பாளினி.

எழுத்தெழுத்தாகத் தேர்ந்தேன். இருபது நிமிடம் கழித்துப் பெரிய திரையில் வந்தது: "சிறகு இல்லை. என் வீடு ஒழுகுகிறது."

ஒரே கைதட்டல். "என்ன ஒரு உருவகம்" என்று அவள் உருகினாள். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. மறுபடி ஆரம்பித்தேன்: "பிளம்பர் வேண்டும். செக்ரட்டரி முதல் வரிசையில் இருக்கிறார்."

இந்தத் தடவை யாரும் கைதட்டவில்லை.

திங்கட்கிழமை பிளம்பர் வந்தார். வெளியே மழை கொட்டிக்கொண்டுதான் இருந்தது. வேலை முடிந்ததும் செக்ரட்டரி என் கட்டிலருகே நின்று, கணவரைப் பார்த்துக் கேட்டார்: "மாமிக்கு இப்போ திருப்திதானே சார்?"

"அவகிட்டயே கேளுங்கோ. ஆமாம்னா கண்ணை மேலே தூக்குவா."

இத்தனை வருடத்தில் முதன்முறையாக அவர் குனிந்து, என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

எனக்குத் திருப்திதான். ஆனால் கண்ணைத் தூக்கவில்லை. கொஞ்ச நேரம் குனிந்தே நிற்கட்டும் என்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.