அம்மன் பேரில் ஓர் அச்சாரம்

2025 ஜூலை 9, புதன்கிழமை; ஆனி இருபத்தைந்து. ஐந்து மணிக்கு எழுந்தேன். குழாயில் ஆற்றுத் தண்ணீர் வரும் முறை அன்று. இரண்டு டிரம், ஓர் அண்டா, எல்லாக் குடங்களும் நிரப்பி மூடி வைத்தேன். காலண்டர் தாளைக் கிழித்தேன்: வளர்பிறை, ராகு காலம் பன்னிரண்டு முதல் ஒன்றரை வரை. காப்பி குடித்துவிட்டுச் சட்டை தேய்த்தேன். நான் வேலை பார்க்கும் பனியன் கம்பெனியில் அரை நாள் லீவு முன்பே சொல்லியிருந்தேன். அதனால் ஷூவைத் தொடாமல் செருப்பைத் துடைத்து வைத்தேன். அதுவரை எல்லாம் நான் எழுதி வைத்திருந்தபடிதான் நடந்தது.

அன்று வேலை ஒன்றே ஒன்று. என் மனைவியின் பெயரில், சிறுதொழிலுக்கு அரசு தரும் மானியத்துக்கு விண்ணப்பம் போட வேண்டும். அந்தத் திட்டத்தில் வயது வரம்பு உண்டு. சனிக்கிழமை அவள் பிறந்த நாள். அன்றோடு அவள் வரம்பைத் தாண்டிவிடுவாள். பிறகு அந்தக் கதவு அவளுக்குத் திறக்காது. மானியம் இல்லாமல் மெஷின் வாங்க எங்களால் ஆகாது.

மெஷின் என்றால் கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மெஷின். அவள் பதினெட்டு வருடமாகச் செக்கிங் டேபிளில் நின்றுகொண்டே, பிறர் தைத்த துணியில் பிசிறும் கறையும் தேடியவள். ஞாயிறுதோறும் எம்பிராய்டரிப் பயிற்சிக்குப் போய் வந்தாள். எங்கள் வீட்டு முன்னறையில் சொந்த மெஷின், அதன் முன்னால் ஒரு நாற்காலி. அவள் கேட்டது அவ்வளவுதான். நாற்காலியைத்தான் முதலில் சொன்னாள். மாதக் கடைசியில் நின்றுகொள்வதாகக் கம்பெனியில் சொல்லியும் விட்டாள்.

எங்கள் ஊரில் எந்த வேலையையும் கப்பல் ஏறும் தேதியிலிருந்து பின்னோக்கித்தான் திட்டமிடுவோம். சரக்கு என்றைக்குத் துறைமுகத்தில் இருக்க வேண்டுமோ, அதிலிருந்து பேக்கிங், அயர்னிங், தையல், சாயம் என்று பின்னால் பின்னால் வந்து, நூல் வாங்கும் நாளைக் கண்டுபிடிப்போம். நானும் அப்படியே சனிக்கிழமையைக் கப்பல் நாளாக வைத்துக்கொண்டேன். பயிற்சிச் சான்றிதழ் திங்கட்கிழமைதான் கைக்கு வரும். வியாழனும் வெள்ளியும் கையிருப்பு, சர்வர் படுத்துக்கொண்டால் சமாளிக்க. ஆக, புதன்கிழமை. பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்று மனைவிக்கும் சம்மதம். அடுத்த வியாழன் ஆடி பிறக்கிறது, அதற்கு முன்னால் என்பதில் அவள் தம்பிக்கும் சம்மதம். ஒரே தேதியில் மூன்று பேரும், ஆளுக்கொரு காரணத்துக்காக, ஒத்துப்போனோம். எங்கள் குடும்பத்தில் அது அடிக்கடி நடப்பதில்லை.

அந்தத் தம்பி மூலனூரில் முருங்கைத் தோட்டம் வைத்திருக்கிறார். ஏழரை மணிக்கு ஒரு கட்டு முருங்கைக்காயோடு வந்து இறங்கினார்.

"மாமா, வண்டிய எடுங்க. நேரமாச்சுங்க."

"எட்டரைக்குக் கெளம்புனாப் போதும் மாப்ளே. கடை ஒன்பதுக்குத்தான் தொறப்பாங்க."

"கப்பலையே நேரத்துக்கு அனுப்பறவரு நீங்க. ஒரு கடைக்காரர எழுப்ப முடியாதுங்களா?"

"எழுப்புவாரு," என்றாள் என் மனைவி. "எழுப்பற நேரத்த மொதல்ல எழுதி வெச்சுட்டுத்தான் எழுப்புவாரு."

மெஷின் கடையில் எங்களுக்கு வேண்டியது ஒரு கொட்டேஷன் மட்டும். மெஷின் இன்னது, விலை இவ்வளவு என்று கடைக்காரர் கையெழுத்திட்டுத் தரும் ஒரு தாள். விண்ணப்பத்தோடு அதைச் சேர்க்க வேண்டும். வாங்குவது பிறகுதான். விண்ணப்பம் பதிவாகும் முன் மெஷின் வாங்கினால் மானியம் கிடையாது. முன்பணம் கொடுத்தாலும் வாங்கியதாகத்தான் கணக்கு. இந்த விதியை நான் வீட்டில் இரண்டு முறை வாசித்துக் காட்டியிருந்தேன். இரண்டு முறையும் மைத்துனர் மூலனூரில் இருந்தார்.

கடைக்காரர் ஊதுபத்தி ஏற்றிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வாங்க, வாங்க. அம்மன் மெஷினத் தனியா எடுத்து வெச்சாச்சுங்க."

"எந்த அம்மனுங்க?" என்றேன்.

"போன புதன் உங்க மச்சான் வந்து அச்சாரம் குடுத்துட்டுப் போனாருங்களே."

நான் மைத்துனரைப் பார்த்தேன். அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது வந்துங்க மாமா, இந்த மாடல் ஒண்ணுதான் இருக்குதுன்னாருங்க. வேற எவனாச்சும் தூக்கிட்டுப் போயிட்டா? முருங்கக்காயிக்கே நாங்க அச்சாரம் வைக்காமப் பேச்ச முடிக்கறதில்லீங்க."

"ஏண்டா, என்றகிட்ட ஒரு வார்த்த சொல்றதில்லையா?" என்றாள் மனைவி.

"இன்னைக்கு இங்க வந்ததும் சொல்லலாம்னு இருந்தனக்கா. நீ சந்தோசப்படுவீன்னு."

ஒதுக்கி வைத்திருந்த மெஷின் அருகே போய், அதன் விளிம்பில் கை வைத்து நின்றாள். பிறகு என் பக்கம் திரும்பாமலே மெதுவாகக் கேட்டாள்: "அப்ப செக்கிங் டேபிளுக்கே போறதாங்க?"

ரசீதைக் காட்டச் சொன்னேன். நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தது. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் என் மனைவியின் பெயர் இல்லை. அவள் பிறந்த வீட்டுக் குலதெய்வத்தின் பெயர் இருந்தது.

"மொதல் சரக்கு எப்பவும் அம்மன் பேருலதானுங்க எடுப்போம்," என்றார் மைத்துனர், சுருதி இறங்கிய குரலில். "எங்கப்பன் காலத்துல இருந்து அப்பிடித்தான்."

கடை வாசலுக்கு வந்து தொழில் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். எங்கள் விண்ணப்பத்தைப் பற்றி முன்பே விளக்கம் சொல்லியிருந்த அதிகாரி அம்மாதான் எடுத்தார். நடந்ததை ஒன்றும் மறைக்காமல் வரிசையாகச் சொன்னேன். அந்தப் பக்கம் இரண்டு முறை இருமல் கேட்டது. சிரிப்பை அடக்குகிறார் என்று பிறகுதான் புரிந்தது.

"விண்ணப்பம் போடறது அம்மனுங்களா, உங்க வீட்டம்மாங்களா?"

"வீட்டம்மாங்க."

"அப்ப வீட்டம்மா பேர்ல ரசீது இல்லைதானுங்களே. ஆனா அதையே நம்பி இருந்துக்காதீங்க, நாளைக்கு பேங்க்ல யாராச்சும் கேட்டா வம்பு. ரசீத ரத்து பண்ணிப் பணத்தத் திருப்பி வாங்கிருங்க. இன்னைக்குத் தேதி போட்டு கொட்டேஷன் வாங்கிட்டு நேரா இங்க வந்துருங்க."

உள்ளே போய்ச் சொன்னேன். கடைக்காரர் ரசீதின் மேல் குறுக்கே கோடு போடத் தயங்கவில்லை. கல்லாப்பெட்டிதான் திறக்கவில்லை.

"ரத்து பண்றது ஒண்ணுமில்லீங்க. இன்னும் போணி ஆகலீங்களே. மொத வியாபாரத்துக்கு முன்னாடி கல்லாவுல இருந்து பணம் வெளிய போனா, பொழுதுக்கும் வெளியவேதாங்க போகும்."

"அதுவும் நாயந்தானுங்க மாமா," என்றார் மைத்துனர். நான் திரும்பியதும் மறுபடியும் மின்விசிறிக்குப் போய்விட்டார்.

மணி பத்தை நெருங்கியது. வேறு வாடிக்கையாளர் யாரும் வரும் அறிகுறி இல்லை. என் மனைவி மெஷினிலிருந்து கையை எடுத்துக்கொண்டு கல்லாவுக்கு வந்தாள்.

"ஏனுங்கண்ணா, ஒரு பாக்கெட் ஊசி குடுங்க."

"பொறு," என்றேன். "உன் பேர்ல வேண்டாம்."

"ஊசிக்குமா?"

"ஊசிக்கும்."

ஊசியை நான் வாங்கினேன். என் பெயரில் பில் போடச் சொன்னேன். கடைக்காரர் பணத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கல்லாவில் போட்டார். பிறகு அதே கல்லாவிலிருந்து அச்சாரத்தை எடுத்து மைத்துனரிடம் நீட்டினார். கொட்டேஷன் அச்சாகி வந்தது. பெயர், முகவரி, தேதி மூன்றையும் நான் படித்தேன், மனைவி படித்தாள், மைத்துனரையும் படிக்க வைத்தேன்.

அலுவலகத்தில் உதவிக்கென்று ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. அதில் ஒவ்வொன்றாக ஏற்றினோம். புகைப்படம் பெரிது என்று திருப்பி அனுப்பியது. சிறிதாக்கினோம், தெளிவில்லை என்றது. கடைசிப் பக்கம் வரும்போது ராகு காலத்துக்கு ஐந்தாறு நிமிடம் பாக்கி. மனைவி மனதுக்குள் ஏதோ சொல்லிக்கொண்டு பொத்தானை அமுக்கினாள். திரையில் வட்டம் சுற்றத் தொடங்கியது. சுற்றிக்கொண்டே இருந்தது. நாங்கள் மூவரும், அதிகாரி அம்மாவும், பின்னால் வரிசையில் நின்ற இரண்டு பேரும் அந்த வட்டத்தையே பார்த்தோம். ஒப்புகை எண் வந்தபோது சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டு மணி நான்கு நிமிடம்.

"ராகு காலம் வந்துருச்சுங்களே," என்றாள் மனைவி.

"நீ அமுக்குனது நல்ல நேரத்துலதானக்கா," என்றார் அவள் தம்பி. "போய்ச் சேர லேட்டானா அது சர்வரோட ராகு. நமக்கென்ன?"

அதிகாரி அம்மா இந்த முறை சிரிப்பை அடக்கவில்லை. இனி நேர்காணல் உண்டு, வங்கி உண்டு, முன்னறையை வந்து பார்ப்பார்கள் என்று சொல்லி அனுப்பினார். அவையெல்லாம் வரும்போது வரட்டும். சனிக்கிழமை இனி வெறும் பிறந்த நாள்.

வாசலில் மைத்துனர் அச்சாரப் பணத்தைச் சட்டைப் பையில் ஒழுங்காக மடித்து வைத்துக்கொண்டிருந்தார். மனைவி பார்த்துவிட்டாள்.

"அது அம்மன் பேருல குடுத்ததுதானே?"

"ஆமாங்கக்கா."

"அப்ப அம்மனுக்கே போகட்டும்."

"அக்கா, அது என்ற முருங்கக்காய்க் காசு."

"அச்சாரம்னா அச்சாரந்தான்டா. நீதானே சொன்னே?"

மைத்துனர் மடித்து வைத்ததை மறுபடியும் வெளியே எடுத்தார். அரைநாள் லீவு முடிந்து நான் கம்பெனிக்குப் போனேன். சாயங்காலம் ஆறு மணிக்கு அவரிடமிருந்து போன். கோயில் மணிச் சத்தம் பின்னால் கேட்டது.

"உண்டியல்ல போட்டுட்டனுங்க மாமா. சத்தம் கேட்டுச்சுங்களா?"

"கேக்கலியே மாப்ளே."

"நோட்டுங்க. சத்தமே இல்லாமப் போயிருச்சு. அக்காகிட்டச் சொல்லிருங்க."

சொன்னேன். இரவு முருங்கைக்காய்க் குழம்பு. மனைவி தட்டைக் கழுவி வைத்துவிட்டு, முன்னறையின் விளக்கைப் போட்டுச் சிறிது நேரம் வாசற்படியில் நின்று பார்த்தாள். பிறகு அணைத்துவிட்டு வந்தாள்.

மறுநாள் வியாழக்கிழமை, தண்ணீர் வராத நாள். ஐந்து மணிக்கு எழுந்து காலண்டர் தாளைக் கிழிக்கப் போனேன். முன்னறையில் ஏற்கனவே விளக்கு எரிந்தது. மனைவி முழங்காலிட்டு, தையல் டேப்பால் அளந்து, துணியில் குறி போடும் சாக்கால் தரையில் ஒரு நீள்சதுரம் வரைந்துகொண்டிருந்தாள். அதன் எதிரே இன்னொன்று, சிறியது. அது நாற்காலிக்கு. பெரிய கட்டத்தில் ஒரு பக்கக் கோடு மட்டும் பாதியில் நின்றிருந்தது, ஏனென்றால் அங்கே என் ஸ்கூட்டர் இருந்தது. கல்யாணம் ஆன நாளிலிருந்து என் வண்டி நிற்கும் இடம் அது.

"ஏனுங்க," என்றாள் தலை நிமிராமல், "வண்டிய வெளிய தள்ளுங்க."

தாளைப் பிறகு கிழித்துக்கொள்ளலாம் என்று, முதல் வேலையாக வண்டியை வெளியே தள்ளினேன்.