பாட்டுப் போடாத வீடியோ

எங்கள் பக்கத்து வீடியோக்காரர்களிடம் ஒரு பொருளை இருக்கிறபடி வாங்க முடியாது. கலியாணவீடு, சாமத்தியவீடு, செத்தவீடு, எதுவென்றாலும் பாட்டு விட்டு, பூக் கொட்டிக் கையில் தந்தால்தான் அவர்களுக்கு வேலை செய்த மாதிரி இருக்கும். இது தெரிந்திருந்தும், ஒரு வார்த்தை சொல்லாமல் கசெற்றைக் கொடுத்துவிட்டு வந்தேன். அந்த மடத்தனம் என்னுடையது.

என் கணவர் டோகாவில் வேலை செய்தவர். சண்டை நின்றிருந்த சமாதான காலத்தில் ஊருக்கு வந்தபோது ஒரு வீடியோ கமரா கொண்டுவந்தார். உள்ளங்கையில் அடங்குகிற சின்னக் கசெற் போட்டு எடுக்கிற கமரா. அதை அவர் ஒருவர் கையிலும் கொடுக்கமாட்டார், பழுதாக்கிவிடுவார்களாம். அதனால் மூன்று கசெற்றிலும் சொந்தபந்தம் முழுக்க இருக்கிறது, பக்கத்து வீட்டு நாயும் இருக்கிறது, அவர் மட்டும் இல்லை. கமராவுக்குப் பின்னால் நின்று எல்லோரையும் அதட்டுகிற குரல்தான் இருக்கிறது.

அவர் போய்ப் பதினான்கு வருடம். படங்கள் கிடக்கின்றன. குரல் வேறெங்கும் இல்லை. அவர் உயிரோடு இருந்தபோது எங்கள் வீட்டுப் போன் கதைப்பதற்கு மட்டும்தான், குரலைப் பிடித்து வைப்பதற்கு அல்ல. மகள் கேட்கிறாள் என்று எல்லோரிடமும் சொன்னேன். உண்மையில் எனக்குத்தான் வேண்டும். அவர் என்னைக் கூப்பிடுகிற விதம் எனக்கு மறந்துகொண்டு வந்தது. நாற்பது வருடம் தெரிந்த மனிதரின் குரல் மறக்கிறது என்று யாரிடம் போய்ச் சொல்வது? வெட்கமாக இருந்தது.

கசெற்றுகளில் இரண்டு அலுமாரிக்குள் இருந்தன. கடற்காற்றுக்கு வெள்ளைப் பூஞ்சணம் பிடித்திருந்தது. இலண்டனில் இருக்கிற மகள் இணையத்தில் வாசித்துவிட்டுப் போனில் பாடம் எடுத்தாள். துடைக்கக்கூடாது, போட்டுப் பார்க்கக்கூடாது, ஈரமில்லாத நிழலான இடத்தில் வைக்கவேண்டும், தெரிந்த ஆளிடம் கொடுத்துத் துப்புரவாக்கிய பிறகுதான் ஓடவிடவேண்டும். ஓடும்போதே கொம்பியூட்டரில் ஏற்றிவிட வேண்டும், ஏனென்றால் பழைய நாடா இரண்டாம் முறை ஓடும் என்று நம்ப முடியாது. எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்றேன். இரண்டையும் மேசையில் வைத்துவிட்டுக் கோயிலுக்குப் போனேன்.

பூசை முடிந்து வந்து பார்த்தால், முற்றத்துச் சாக்கில் கட்டாக் கருவாட்டுக்குப் பக்கத்தில் இரண்டு கசெற்றும் காய்கின்றன. எங்களோடு இருக்கிற மச்சாள், அவருடைய தங்கை, செய்த வேலை. எங்கள் தோட்டவெளி ஊரின் வெயில் எப்படிப்பட்டது என்று சொல்லத் தேவையில்லை. மேல்மூடி அப்பளம் மாதிரி வளைந்திருந்தது.

"பூஞ்சணம் பிடிச்சால் வெயிலில தானே போடுறது" என்றாள் மச்சாள்.

"அது கருவாட்டுக்கு."

"நல்லதுக்குத்தானே செய்தனான்."

இந்த வீட்டில் கெட்டதுக்கு என்று ஒருவரும் ஒன்றும் செய்ததில்லை. அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. அவள் இரண்டு பேருக்கும் சேர்த்துச் சாப்பிட்டாள்.

மூன்றாவது கசெற் தப்பியது, அது செத்துப்போன கமராவுக்குள்ளேயே மாட்டுப்பட்டுக் கிடந்ததால். மகள் முதல் நன்மை வாங்கிய, முதன்முதலாக நற்கருணை எடுத்த நாளில், வங்காலையில் என் தாய் வீட்டில் எடுத்தது. கமராவோடு மன்னார் ரவுணுக்குக் கொண்டுபோய், பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற ஸ்ரூடியோவில் கொடுத்தேன். ஸ்ரூடியோத் தம்பி கெட்டிக்காரன். கமராவைக் கழற்றிக் கசெற்றை எடுத்து, அதே மாதிரி வேறொரு கமரா எங்கேயோ தேடிப் பிடித்து, இரண்டு கிழமையில் ஏற்றித் தந்தான்.

வீட்டில் போட்டோம். முதலில் இரண்டு புறா பறந்தன. மகளின் பெயர் தங்க எழுத்தில் சுழன்று வந்தது. பிறகு பாட்டு. தொடக்கத்திலிருந்து முடிவு வரைக்கும் பாட்டுத்தான். சனம் வாயை வாயை அசைக்கிறது, ஒரு சொல் கேட்கவில்லை. அதுவும் மாதா பாட்டு, வாய்விட்டு ஏசவும் முடியாது. பக்கத்தில் மச்சாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நல்ல வடிவாச் செய்திருக்கிறான்" என்றாள். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

அடுத்த நாள் காலையிலேயே ஸ்ரூடியோ வாசலில் நின்றேன்.

"தம்பி, இதில இருந்த சத்தத்தை என்ன செய்தனீங்கள்?"

"அது முழுக்கக் காத்து அன்ரி. இடையில ஆரோ ஒரு ஐயா கத்திக்கொண்டே இருக்கிறார். கேக்க ஏலாது. அதுதான் எடுத்துப்போட்டுப் பாட்டு விட்டனான்."

"அந்த ஐயாவுக்காகத்தான் தம்பி நான் இதைக் கொண்டந்தனான்."

அவன் முகம் மாறிவிட்டது. முதலில் ஏற்றியதை, கொம்பியூட்டரில் இடம் காணாது என்று அழித்துவிட்டானாம். நாடாவை இன்னொரு முறை ஓடவிட வேண்டும். அறுந்தால் தன்னைக் குறைசொல்லக்கூடாது என்றான். சொல்லமாட்டேன் என்றேன். அறுந்திருந்தால் கட்டாயம் சொல்லியிருப்பேன்.

கதிரையில் இருத்தி, ஹெட்போனை என் காதில் மாட்டினான். கசெற் கிறீச் என்று ஓடத் தொடங்கியது.

காற்று. பிறகு அவர். "பிள்ளை, மெழுகுதிரியை நேராப் பிடி. அங்கால தள்ளி நில்லுங்கோ, வெயில் மறைக்குது. இஞ்சரப்பா, நீ ஏன் உம்மெண்டு நிக்கிறாய், ஒருக்காச் சிரியன்."

இஞ்சரப்பா. என்னைக் கூப்பிடும்போது அந்த ரப்பாவை இழுத்து, கடைசியில் கொஞ்சம் ஏற்றிச் சொல்லுவார். எப்படி மறந்தேன்? என் கண் நிறைந்து திரையில் ஒன்றும் தெரியவில்லை. தம்பி பாவம், வெளியே பார்க்கிற மாதிரி நின்றான்.

நான்கு நிமிடம் இருக்கும். பிள்ளையை அதட்டினார், என் அண்ணனை அதட்டினார், திரும்பவும் என்னைச் சிரிக்கச் சொன்னார். அதற்குப் பிறகு ஒரு பெண் குரல், கமராவுக்குக் கிட்ட, எரிச்சலோடு. "காணுமப்பா. வந்த சனத்துக்கு முன்னால என்ன இது? எடுக்கிறதெண்டால் வாயைப் பொத்திக்கொண்டு எடுங்கோ."

என் குரல்தான். திரையிலும் நான்தான், வெள்ளைச் சேலையோடு முகத்தைச் சுழித்துக்கொண்டு.

அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. மகள் கேக் வெட்டுகிறாள், சனம் சாப்பிடுகிறது, சின்னப் பிள்ளைகள் கையாட்டுகிறார்கள், கமரா ஒவ்வொருவரிடமும் போய்ப் போய் வருகிறது, அவர் சத்தம் மட்டும் இல்லை. என் சொல்லை அவர் கேட்ட நாட்கள் குறைவு. அன்றைக்குக் கேட்டிருக்கிறார்.

நாடா அறாமல் கடைசிவரைக்கும் ஓடியது. ஹெட்போனைக் கழற்றினேன்.

"கடைசி அரை மணித்தியாலம் அந்த ஐயா கதைக்கேல்லை அன்ரி, வெறுங் காத்தும் சனத்தின்ர இரைச்சலும்தான்" என்றான் தம்பி. "அந்தத் துண்டை வெட்டிவிடட்டோ? இல்லாட்டி அதுக்கு மட்டும் பாட்டுப் போடவோ?"

"ஒண்டும் செய்யாதேங்கோ" என்றேன். "அதிலயும் அவர் நிக்கிறார்."