நாலு விரக்கடை

சுதாராணியின் கையில் மிளகாய் வத்தலைக் கொடுத்தால் முதலில் முகர்ந்து பார்ப்பாள். பிறகு உள்ளங்கையில் வைத்து இறுக்குவாள். தண்ணீர் தெளித்து எடை கூட்டியிருக்கிறார்களா என்பது அந்தக் கைக்குத் தெரியும். கோவில்பட்டியில் அவளும் கணவன் பூவனநாதனும் நடத்தும் அரவை மில்லுக்குச் சுற்றுப்பட்டுக் கரிசல் ஊர்களிலிருந்து வத்தலும் மல்லியும் வரும். எந்த மூட்டையையும் அவிழ்த்துக் கொட்டிப் பார்க்காமல் அவள் உள்ளே விட்டதில்லை. "எங்க கல்யாணப் போட்டோவையே ரெண்டு தடவ உத்துப் பாத்துட்டுத்தான், மாப்பிள்ள நான்தான்னு ஒத்துக்கிட்டா" என்று பூவனநாதன் சொல்வதுண்டு.

நாற்பத்தோராவது வயதில் அவளுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. மூட்டை தூக்கித் தூக்கி வந்த வினை. டாக்டர் எக்ஸ்ரேயை விளக்கொளியில் வைத்துப் பார்த்துவிட்டு, எலும்பில் கோளாறு இல்லை, முதுகுக்கும் காலுக்கும் வலு வேண்டும், முறையாக எடைப் பயிற்சி செய்யுங்கள் என்றார்.

"இது எம் படந்தானா டாக்டர்? பேரு மாறியிருக்காதுல்லா?" என்று கேட்டுவிட்டுத்தான் எழுந்தாள்.

எட்டயபுரம் ரோட்டில் காமராஜ் என்பவன் ஜிம் நடத்தினான். முப்பத்தைந்து வயது. வலுதூக்கும் போட்டியில் மாநிலம் வரை போனவன். காலையில் ஒன்றரை மணி நேரம் பெண்களுக்கு மட்டும். சத்தம் போட மாட்டான், யாரையும் பாராட்ட மாட்டான். முதல் இரண்டு வாரம் சுதாராணிக்கு எடைப் பிளேட்டு மாட்டாத வெறும் ராடு மட்டும்தான் கொடுத்தான். அதைத் தோளில் வைத்துக்கொண்டு, குத்தவைக்கிற மாதிரி இறங்கி எழும்ப வேண்டும். இடுப்பு மடிப்பு முட்டியின் மேல்பக்கத்தைவிடக் கீழே போனால்தான் அது ஒரு ஸ்குவாட். போகாவிட்டால் எத்தனை கிலோ சுமந்தாலும் கணக்கில் சேராது.

எட்டே மாதத்தில் அவள் எண்பது கிலோ வரை ஏற்றினாள். இடுப்பு வலி போன இடம் தெரியவில்லை. மாவட்டப் போட்டியில் நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்கள் பிரிவில் பெயர் கொடுத்தாள். அதற்குப் பிறகுதான் தகராறு. காமராஜ் பிளேட்டுகளைக் கழற்ற ஆரம்பித்தான்.

"ஆழம் பத்தலக்கா. அறுவதுல செய்ங்க."

"முட்டிக்குக் கீழதான மாஸ்டர் போறேன்?"

"போகல. பாரம் கூடுனா பாதியில நின்னுருதீங்க. இடுப்ப எறக்காம முன்னால குனியுதீங்க. முதுகுதான் வாங்கும்."

அதே வகுப்பில் ஜெயப்பிரியா என்ற பி.டி. டீச்சரும் இருந்தாள். சுதாராணியின் வயது, அவள் போட்டியிடும் அதே எடைப் பிரிவு. ஜெயப்பிரியா எழுபதுதான் தூக்கினாள். அவளைக் காமராஜ் ஒன்றும் சொல்வதில்லை. ஒருநாள் பேச்சுவாக்கில் காமராஜுக்கும் ஜெயப்பிரியாவுக்கும் சொந்த ஊர் ஓட்டப்பிடாரம் என்று தெரிந்தது. சுதாராணிக்கு அது போதும்.

"ஊர்க்காரிய ஜெயிக்க வைக்கணும். அதுக்குத்தான் என்னைய அமுக்குதான்" என்றாள் வீட்டில்.

"அந்த ஆளு அப்படித் தெரியலயே" என்றான் பூவனநாதன்.

"ஒங்களுக்கு யாரத்தான் அப்படித் தெரிஞ்சிருக்கு?"

மறுவாரமே அவள் ரயில்வே ஸ்டேஷன் பக்கம் இன்னொரு ஜிம்முக்கு மாறினாள். அங்கே பாட்டு அலறும். தூக்குகிறவரைச் சுற்றி நின்று கைதட்டுவார்கள். முதல் நாளே எண்பத்தைந்து, அடுத்த மாதம் தொண்ணூறு. ஆழத்தைப் பற்றி ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. வலி மட்டும் மெல்லத் திரும்பி வந்தது. மெத்தையின் பஞ்சு சரியில்லை என்று சந்தேகப்பட்டுத் தரையில் படுத்தாள். பிறகு, பாலில் கலக்கும் புரோட்டீன் பவுடர் போலி என்று முடிவுகட்டி டப்பாவோடு குப்பையில் போட்டாள்.

போட்டி தூத்துக்குடியில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. நடுவர்கள் மூன்று பேர். எதிரே ஒருவர், பக்கத்துக்கு ஒருவர். மூன்று வாய்ப்பு. இரண்டு வெள்ளை விளக்காவது எரிந்தால்தான் தூக்கியது செல்லும்.

சுதாராணி தொண்ணூறு கிலோ கேட்டாள். இறங்கினாள், எழுந்தாள். மூன்றும் சிவப்பு. இரண்டாவது முறையும் சிவப்பு. மூன்றாவது தடவை பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கி எழுந்தபோது முதுகில் சுரீரென்றது. அதற்கும் மூன்று சிவப்பு. போட்டியிலிருந்தே வெளியே. ஜெயப்பிரியா எழுபதில் மூன்று வெள்ளை வாங்கி முதல் பரிசை எடுத்துக்கொண்டாள். மூன்றாவது சுற்றுக்கு முன்னால் விட்ட இடைவேளையில், ஒரு மூலையில் காமராஜ் அந்த நடுவர்களில் ஒருவரோடு டீ குடித்துக்கொண்டிருந்ததைச் சுதாராணி பார்த்திருந்தாள்.

"மொத்தமா பேசி வச்சிருக்காங்க" என்று பஸ்ஸில் எட்டயபுரம் வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தாள்.

பூவனநாதன் போனை நீட்டினான். மூன்று தடவையும் பக்கவாட்டிலிருந்து வீடியோ எடுத்திருந்தான். பார்த்தாள். திரையில் இருந்த பெண் பாதியிலேயே நின்று மேலே எழும்பினாள்.

"நீங்க நின்ன எடம் சரியில்ல. மேலருந்து எடுத்திருக்கீங்க."

"ஆமா, நானும் அவங்ககூடச் சேந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

பத்து நாள் அவளுக்கு வேலை ஓடவில்லை. மாஸ்டர் பொய் சொல்லலாம், நடுவர் சொல்லலாம், போன்கூடச் சொல்லலாம். ஒரு மத்தியானம் மில்லில் ஆளில்லாத நேரத்தில் குட்டையான ஒரு ஸ்டூலை எடுத்துப் போட்டாள். அதில் உட்கார்ந்தால் முட்டி இடுப்பைவிட உயரமாக நின்றது. சரியான உயரம்தான். ஸ்டூல்மேல் காய்ந்த வத்தலைப் பரப்பினாள். வெறுங்கையோடு இறங்கினாள். வத்தல் நொறுநொறுவென்று உடைந்தது. முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது.

பிறகு புது வத்தலைப் பரப்பிவிட்டு, ஒரு மல்லி மூட்டையைப் பிடரியில் ஏற்றிக்கொண்டு, இதுதான் அடி என்று உடம்பு சொல்லும்வரை இறங்கினாள். சத்தம் இல்லை. இன்னும் கொஞ்சம் என்று நினைத்தாள். உடம்பு தானாக எழும்பிவிட்டது. மூன்று தடவை செய்தாள். கடைசித் தடவை பூவனநாதனைக் கூப்பிட்டு, தனக்கும் வத்தலுக்கும் நடுவில் கையை விட்டுப் பார்க்கச் சொன்னாள்.

"எவ்வளவு இருக்கு?"

"நாலு விரக்கடை."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

"நாலுதாம்ட்டி. சுண்டுவெரலும் போகுது."

மூட்டையை இறக்கி வைத்துவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்தாள். உலகத்தில் எல்லோரையும் இறுக்கிப் பார்த்திருக்கிறாள். தன் உடம்பு தன்னிடமே பொய் சொல்லும் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. அது அவளுக்குக் கோபத்தைவிட வெட்கத்தைத்தான் கொடுத்தது.

மறுநாள் காலை காமராஜின் ஜிம்முக்குப் போனாள். அவன் ராடில் நாற்பது ஏற்றி, பின்னால் ஒரு பெட்டியைத் தள்ளி வைத்தான்.

"இதுல படுதவரைக்கும் எறங்கணும்."

"அந்த நடுவர்கூட என்ன மாஸ்டர் பேசிக்கிட்டிருந்தீங்க?"

"ஒங்கள மூணாவது தடவ மேடையேத்த வேண்டாம், முதுகு போயிரும்னு சொன்னேன். விதியில அப்படித் தடுக்க முடியாதுன்னுட்டாரு."

அவள் அதை நம்பவில்லை. ஆனால் மனதில் போட்டு வைத்தாள். நாற்பதிலிருந்து எழுபத்தைந்துக்கு வர ஒரு வருஷம் ஆனது. முதுகு மறுபடி அவளைத் தொந்தரவு செய்யவில்லை. அடுத்த போட்டியில் எழுபத்தைந்துக்கு மூன்று வெள்ளை. இரண்டாம் இடம்தான். முந்தைய வருஷத்தைவிடப் பதினைந்து கிலோ குறைவு என்று யாரோ சொன்னபோது, "அது தூக்கவே இல்ல" என்றாள்.

இதற்கிடையில் ஜிம்மில் அவளுக்கு ஒரு வேலை அமைந்துவிட்டது. யார் ஸ்குவாட் செய்தாலும் பக்கத்தில் குனிந்து நின்று பார்ப்பாள். "எறங்கல" என்பாள். அழுதாலும் மாற்றிச் சொல்ல மாட்டாள். காமராஜ் நடுவர் தேர்வு எழுதச் சொன்னான். என்னை மேடையிலிருந்து ஓரங்கட்டப் பார்க்கிறானோ என்று ஒரு மாதம் யோசித்துவிட்டு எழுதினாள். தேறினாள்.

போன தையில் நடந்த போட்டியில் சுதாராணி இடதுபக்க நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். ஜெயப்பிரியா தொண்ணூற்றைந்து கிலோவோடு இறங்கி எழுந்தாள். இரண்டு வெள்ளை, ஒரு சிவப்பு. சிவப்பு இடதுபக்கத்திலிருந்து.

டீ நேரத்தில் ஜெயப்பிரியா போனோடு வந்தாள். "செல்லுபடியாயிருச்சு, அதுக்காகக் கேக்கல. இதக் கொஞ்சம் பாருங்கக்கா."

"யாரு எடுத்தா? எங்கன நின்னு எடுத்தாங்க?" என்று கேட்டுத் திருப்தியான பிறகே சுதாராணி பார்த்தாள். நிறுத்தி நிறுத்தி நாலு தடவை பார்த்தாள். மடிப்பு முட்டிக்குக் கீழே தெளிவாகப் போயிருந்தது.

"எறங்கியிருக்கீங்க டீச்சர். தப்பு எம்மேலதான்."

"ஒங்க கண்ணு தப்பாதேக்கா."

"கண்ணு தப்பல. இப்ப நாம ரெண்டு பேரும் சேந்து டிபன் சாப்பிடுதோம், ஒண்ணா பஸ் ஏறுதோம். ஒங்களுக்குச் சாதகமா வெள்ளைய அமுக்கிருவனோன்னு எம்மேலயே ஒரு சந்தேகம். கை செவப்புக்குப் போயிருச்சு."

ஜெயப்பிரியா போனை அணைத்துப் பைக்குள் போட்டாள். பிறகு, "டீ ஆறுது, குடிங்க" என்றாள்.

மைக்கில் அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள். எப்போதும்வென்றான் ஊரிலிருந்து வந்த ஒரு பெண், முதல் போட்டி போலிருந்தது, ராடுக்கு அடியில் நுழைந்தாள். தன் இடத்துக்குத் திரும்பியிருந்த சுதாராணி நாற்காலியை ஒரு சாண் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு குனிந்தாள்.