அக்காவை ஒல்லியாக்கிய செட்டிங்

சேரன்மகாதேவியில் எங்கள் தெருவில் எனக்குக் கம்ப்யூட்டர் தெரிந்த பெண் என்று பெயர். திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்த்தேன். கல்யாண வீடியோ, பாட்டு, கோயில் கொடைத் திருவிழா எதுவானாலும் கையடக்க பிளேயரில் ஓடும்படி மாற்றிக் கொடுப்பது என் பொறுப்பு. தொடுதிரை போன் எங்கள் பக்கம் இன்னும் வராத காலம் அது. வளைகுடா நாட்டுக்கு வேலைக்குப் போகிறவர்கள் அந்தச் சின்னப் பெட்டியில் ஊரையே ஏற்றிக்கொண்டு போவார்கள். அதில் எந்த செட்டிங் எதற்கு என்று எனக்குத் தலைகீழாகத் தெரியும். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லக்கூட எனக்கு வழியில்லை. இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

அக்கா தாட்டியான, பருத்த உடம்புக்காரி. வீட்டிலேயே மெஷின் போட்டு ப்ளவுஸ் தைத்துக் கொடுப்பாள். அவளைப் பெண் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் கேசரியைத் தின்றுவிட்டு, ஊருக்குப் போய்த் தகவல் சொல்கிறோம் என்பார்கள். ஒரு தகவலும் வந்ததில்லை. அவளுக்குக் கல்யாணம் முடிந்தால்தான் எனக்கு. இதை வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் எனக்குக் கோபம் வந்தது அக்கா மேல்தான், தின்றுவிட்டுப் போனவர்கள் மேல் இல்லை.

அப்படியிருக்கும்போது அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். மகனுக்கு மஸ்கட்டில் வேலை. இப்போதைக்கு லீவு கிடையாது. அந்த அம்மா கேசரியைத் தொடவில்லை. அக்காவின் மெஷின் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, ப்ளவுஸுக்குக் கை வைக்கிற துணியை எப்படி வெட்டுகிறாள் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கிளம்பும்போது பையிலிருந்து மகனுடைய பிளேயரை எடுத்து எங்கள் அம்மாவிடம் கொடுத்தார்.

“போட்டோல்லாம் வேண்டாம் மைனி. ஸ்டுடியோக்காரன் ஆளையே மாத்திப்புடுதான். பொண்ணு நடக்கது, பேசுதது, காப்பி கொண்டாரது எல்லாத்தையும் வீடியோ எடுத்து இதுல ஏத்திக் குடுங்க. எங்க தெருக்காரர் ஒருத்தர் லீவு முடிஞ்சு மஸ்கட்டுக்குத் திரும்பப் போறாரு. அவரு கையில குடுத்து விடுதேன். நல்ல பொண்ணு.”

நல்ல பொண்ணு என்று எல்லோரும்தான் சொல்லிவிட்டுப் போனார்கள். நாங்கள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சென்டரிலிருந்து கேமராவை இரவல் வாங்கி நானே எடுத்தேன். அக்கா அரக்கு நிறப் பட்டு கட்டி, தட்டில் காப்பி டம்ளரோடு நடந்து வந்தாள். கேமராவைப் பார்த்துத் தன் பெயரைச் சொன்னாள். தையல் தெரியும், சமையல் தெரியும் என்று சொல்லிவிட்டு அதற்கு மேல் சொல்லத் தெரியாமல் சிரித்தாள்.

மறுநாள் சென்டரில் அதை மாற்ற உட்கார்ந்தேன். முதலில் பிளேயர் படத்தைத் திறக்கவே மாட்டேன் என்றது. ஃபார்மட்டை மாற்றினேன். படம் விக்கி விக்கி ஓடியது. ஒரு நொடிக்கு இத்தனை படம் என்கிற கணக்கைக் குறைத்தேன். ஃபைல் சின்னதாகட்டும் என்று தரத்தைக் குறைத்ததில் அக்கா முகம் கட்டம் கட்டமாக உடைந்தது. தரத்தை மறுபடி கூட்டினேன். கடைசியில் மீதி இருந்தது படத்தின் அளவு ஒன்றுதான். கேமரா எடுத்தது அகலமான படம். பிளேயர் திரையோ ஏறக்குறையச் சதுரம். உள்ள அளவிலேயே விட்டால் மேலேயும் கீழேயும் கறுப்புப் பட்டை விழும், ஆள் சின்னதாகத் தெரிவாள். ஓரத்தை வெட்டினால் காப்பித் தட்டு பாதியில் போய்விடும். இன்னொரு வழி, முழுப் படத்தையும் இரண்டு பக்கமும் அமுக்கித் திரையை நிரப்புவது. அதை நான் யாருக்கும் செய்து கொடுப்பதில்லை. கேட்டு வருகிறவர்களிடம், “கோயில் யானை கழுதை மாதிரி ஆயிரும், பரவாயில்லையா?” என்பேன்.

அன்று சும்மா பார்ப்போமே என்றுதான் அதை அமுக்கினேன். திரையில் ஒல்லியாக, உயரமாக ஒரு அக்கா காப்பி கொண்டு வந்தாள். எனக்கே கல்யாணம் நிச்சயமானது போல அவ்வளவு சந்தோஷம். ஃபைலைப் பிளேயரில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். “ஏட்டி, இது நம்ம பிள்ளையா! மகாலட்சுமி மாதிரில்லா இருக்கா. இதையே குடுத்துரு.”

“உள்ளது இப்படி இல்லையேம்மா.”

“ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம்னு சும்மாவா சொன்னாவ? தாலி கட்டுன பொறவு எவன் அளந்து பாக்கப் போறான்?”

அம்மா அதைச் சொல்ல வேண்டும் என்றுதான் நான் காத்திருந்தேன் போலிருக்கிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தோம். பாருங்கள், இந்தப் பழமொழியைச் சொல்ல வாயெடுத்தால் அதிலும் அக்காதான் பூசணிக்காயாகிறாள். நான் அப்படிப்பட்டவள்தான்.

அக்கா கழுத்தில் டேப்போடு வந்து எட்டிப் பார்த்தாள். ஒரு தடவை ஓடவிட்டாள். மறுபடியும் ஓடவிட்டாள்.

“ஏட்டி, டம்ளரும்ல மெலிஞ்சிருக்கு. தட்டு முட்டை கணக்கா இருக்கு.”

அம்மா என்னைப் பார்த்தாள். “சின்ன ஸ்கிரீனுல்லாக்கா. அதுல எல்லாமே அப்படித்தான் தெரியும்” என்றேன்.

“ஒனக்குத் தெரியாததா” என்று சொல்லிவிட்டு அக்கா மெஷினுக்குத் திரும்பினாள். ஆட்களை அளந்தே பிழைக்கிறவள் அவள். விரற்கடை வித்தியாசம் இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவாள். என் பேச்சை நம்பினாளா, நம்பியது போல இருந்தாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

பிளேயரை அப்படியே கொடுத்துவிட்டு மாதம் ஒன்று போயிருக்கும். ஒரு காலையில் அந்த அம்மாவின் போன் வந்தது. எங்கள் வீட்டுச் செல்போனில் ஸ்பீக்கர் போடாமலே பேசுவது தெருவுக்குக் கேட்கும்.

“மைனி, எம்மவன் பொண்ணு நோஞ்சானா இருக்காளேங்கான். நான் பாத்தவ நல்லா தாட்டியா, களையா இருந்தாளேன்னு சொல்லுதேன், அவன் இல்லவே இல்லங்கான். யார எடுத்து அனுப்புனிய? சின்னவளையா?”

அம்மா கம்ப்யூட்டர், ஸ்கிரீன் என்று என்னவோ உளறினாள். நான் போனை வாங்கினேன். “அது அக்காதான் அத்தை. படத்தோட அளவ நாந்தான் மாத்துனேன். சரியா ஏத்தி மறுபடியும் தாரேன்.”



“எனக்கு அவளப் பிடிச்சுத்தானம்மா பிளேயரக் குடுத்தேன்? எங்க வீட்டுக்கு அப்படி ஒரு பொண்ணு வந்தா நல்லதுன்னு நெனச்சேன். உள்ளத உள்ளபடி காட்ட ஒங்களுக்கு மனசு வரலயே. இதுலயே இப்படின்னா நாங்க வேற எத நம்ப? வேண்டாம், விட்டுருங்க.” போனை வைத்துவிட்டார்.

திரும்பினால் அக்கா நிலைப்படியில் நின்றாள். முழுவதும் கேட்டிருக்கிறாள். அம்மா முந்தானையை வாயில் வைத்து அழ ஆரம்பித்தாள். அக்கா என்னைத் திட்டுவாள், அடித்தாலும் அடிப்பாள் என்று நின்றேன். அடித்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

“அப்ப அவ்வொளுக்கு என்னைய இப்படியே பிடிச்சிருந்துச்சு, என்னட்டி?” என்றாள்.

கேட்கும்போது அவள் முகத்தில் கோபமே இல்லை. சந்தோஷம் இருந்தது. அதைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டு, “ஆமாக்கா” என்றேன்.

“வந்தவியளுக்குப் பிடிச்சிருந்துச்சு” என்றாள். “ஒங்க ரெண்டு பேருக்குந்தான் பிடிக்கல.”